ஒரு பிக்சலுக்காக நான்கு பிக்சல் வேலை

சொந்தமாக ஒரு சின்ன 3டி புரோகிராம் எழுதிவரும் வாசகர் கேட்கிறார்: படத்தை ஜிபியு ஷேடரில் (கிராபிக்ஸ் சிப்பில் ஓடி, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சின்ன நிரலில்) வரைவதா, இல்லை கணினியின் பொதுச் செயலியான சிபியுவிலேயே சாஃப்ட்வேராக வரைவதா? "ஜிபியுதான் வேகம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது" என்கிறார்களாம் நண்பர்கள்.

பெரும்பாலும் அது சரிதான். 1920×1080 திரையில் சுமார் 20 லட்சம் பிக்சல்கள். நொடிக்கு 60 படம் என்றால் 12 கோடி தடவைக்கு மேல் நிறம் கணக்கிட வேண்டும். ஆயிரக்கணக்கான பிக்சல்களை ஒரே சமயத்தில் ஓட்டும் ஜிபியுவுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

ஆனால் ஜிபியு பிக்சல்களைத் தனித்தனியாகத் தொடுவதில்லை. 2×2 கட்டமாக, நான்கு நான்காகத்தான் தொடும். காரணம் டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேற்பரப்பில் ஒட்டும் படம். ஒரே டெக்ஸ்சரைப் பெரியது, அதில் பாதி, கால் எனப் பல அளவுகளில் சேமித்து வைப்பார்கள். தூரத்துச் சுவருக்குப் பெரிய அளவை எடுத்தால் படம் மினுமினுக்கும். எந்த அளவை எடுப்பது? டெக்ஸ்சரில் தன் இடத்தைப் பக்கத்துப் பிக்சலின் இடத்தோடு கழித்துப் பார்க்கிறது ஷேடர். வித்தியாசம் அதிகமென்றால் சின்ன அளவு போதும். கழிக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துப் பிக்சலும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே! அதனால், 3டி உருவத்தை ஆக்கும் முக்கோணங்களில் ஒன்று ஒரே ஒரு பிக்சலைத் தொட்டாலும் கூட மூன்று பிக்சல்கள் சும்மா ஓடும். அவற்றின் விடை குப்பைக்குப் போகும்.

பெரிய முக்கோணத்தில் இந்த வீண் ஓரங்களில் மட்டும்தான். முக்கோணமே பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிட்டால் முக்கால்வாசி வேலை வீண்.

எபிக் நிறுவனத்தின் கேம் எஞ்சினான அன்ரியல் எஞ்சின் 5-இல், நுணுக்கமான உருவங்களை வரையும் நானைட் என்ற பகுதி இங்கேதான் துணிந்தது. சின்ன முக்கோணங்களை அது வன்பொருளின் ராஸ்டரைசரிடம் (முக்கோணம் எந்தெந்தப் பிக்சல்களை மூடுகிறது என்று கண்டுபிடிக்கும் பகுதியிடம்) கொடுக்காமல், கம்ப்யூட் ஷேடரில் (ஜிபியுவில் பொதுவான கணக்குகளை ஓட்டும் நிரலில்) தானே எழுதிய ராஸ்டரைசரில் வரைகிறது. ஜிபியு மேலேயே சாஃப்ட்வேர் ரெண்டரிங்! ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு 64 பிட் எண். மேல் பிட்களில் ஆழம், கீழ் பிட்களில் முக்கோணத்தின் எண். அருகில் இருப்பதற்குப் பெரிய ஆழ மதிப்பு என்பதால், 'இரண்டில் பெரியதை வை' என்ற ஒரே அணுக் கட்டளை (நடுவில் வேறெதுவும் குறுக்கிட முடியாத கட்டளை) போதும்: யார் முன்னால் என்பதும் தீர்ந்தது, எழுதியும் ஆயிற்று. பூட்டு, வரிசை எதுவும் வேண்டாம். டெக்ஸ்சர் அளவா? நிறம் தீட்டும்போது எந்த முக்கோணம் என்று தெரிந்திருப்பதால் வித்தியாசத்தைச் சூத்திரத்தாலேயே கணக்கிட்டுவிடலாம். தங்கள் வேகமான வன்பொருள் வழியைவிட இது சராசரியாக 3 மடங்கு வேகம் என்றது எபிக்.

ஆகவே 'வன்பொருளில் இருந்தாலே வேகம்' என்பதை நான் மூடநம்பிக்கைக் கணக்கில்தான் சேர்ப்பேன். எத்தனை மெத்தப் படித்தவர்கள் அளந்து பார்க்காமலே அதை ஓதுகிறார்கள்!

சரி, வாசகருக்கு என்ன பதில்? படம் சின்னது, எல்லாக் கணினியிலும் கடைசி பிட் வரை ஒரே விடை வேண்டும், ஒரு பிக்சலில் நிறுத்தி ஒவ்வொரு வரியாகப் பிழை தேட வேண்டும் என்றால் சிபியு. வரைந்த படத்தை ஒவ்வொரு முறையும் சிபியு திரும்பப் படித்தாக வேண்டுமென்றாலும் ஷேடர் தரும் லாபம் காத்திருப்பிலேயே கரைந்துபோகலாம். மற்றபடி ஷேடரிலேயே எழுதுங்கள். ஜிபியு இல்லாத கணினியிலும் மெசா என்ற திறந்த மூல கிராபிக்ஸ் மென்பொருளின் எல்எல்விஎம்பைப் (llvmpipe) அதே ஷேடரை சிபியு கட்டளைகளாக மாற்றி ஓட்டிவிடும். மெதுவாகத்தான் ஓடும். பக்கத்துப் பிக்சலோடு கழித்துப் பார்க்க ஷேடர் மொழியே இடம் தருவதால், அங்கேயும் பிக்சல்கள் நான்கு நான்காகத்தான் போகும்.