‘டெக்கரேட்’டுக்குப் பின் ‘வித்’தா, ‘பை’யா?

‘டெக்கரேட் த ஹால் வித் பலூன்ஸ்’ சரியான ஆங்கிலம். அதையே ‘டெக்கரேட் பலூன்ஸ் இன் த ஹால்’ என்று திருப்பினால், கூடத்தில் கிடக்கும் பலூன்களுக்கு யாரோ ஜரிகை ஒட்டுவதாகப் பொருள் வந்துவிடும். ‘ஸ்ப்ரே’ என்ற வினைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ‘ஸ்ப்ரே பெயின்ட் ஆன் த வால்’, ‘ஸ்ப்ரே த வால் வித் பெயின்ட்’ இரண்டும் செல்லும். இரண்டாவதில் சுவர் முழுவதும் நனைந்த தொனி கொஞ்சம் கூடுதல்.

காரணம் வினையின் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ஊற்றுவதைக் குறிக்கும் ‘போர்’, நீர் எப்படி நகர்கிறது என்று சொல்கிறது. ஆகவே நீர்தான் அதற்குச் செயப்படுபொருள். ‘டெக்கரேட்’ அந்த வழிமுறையைச் சொல்வதே இல்லை. தொங்கவிடலாம், ஒட்டலாம், தீட்டலாம். முடிவில் இடம் அழகானதா என்பதே அதற்குக் கணக்கு. அதனால் செயப்படுபொருள் என்ற இருக்கை, அழகாகும் இடத்துக்குப் போகிறது. ‘ஸ்ப்ரே’யில் துளி பாயும் விதமும் பரப்பில் படிவதும் சேர்ந்தே இருப்பதால் அது இரு பக்கமும் வளைகிறது. மொழியியலாளர் பெத் லெவின் 1993இல் வெளியிட்ட ஆங்கில வினை வகைப்பாட்டில், ‘டெக்கரேட்’ நிரப்புதலைக் குறிக்கும் ‘ஃபில்’லோடு ஒரே குழுவில் வருகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளே ‘ஃபில்’லில் தடுமாறி, தண்ணீரைச் செயப்படுபொருளாக்கிவிடுவதுண்டு.

இந்த இடத்தில் தமிழர் வழுக்குவதில்லை; ‘கூடத்தை’ என்றுதான் நாமும் சொல்கிறோம். நம்மைக் கவிழ்ப்பது ‘ஆல்’ உருபு. ‘மாணவர்களால் அலங்கரிக்கப்பட்டது’, ‘பூக்களால் அலங்கரிக்கப்பட்டது’ இரண்டுக்கும் நமக்கு ஒரே உருபு. ஆங்கிலம் கருத்தாவையும் கருவியையும் பிரிக்கிறது: ‘டெக்கரேட்டட் பை த ஸ்டூடன்ட்ஸ் வித் ஃப்ளவர்ஸ்’. செய்தவருக்குப் ‘பை’, பூவுக்கு ‘வித்’. நிறமோ பாணியோ ஆனால் ‘இன்’: ‘டெக்கரேட்டட் இன் ப்ளூ’.

பதக்கம் அணிவித்தலும் இதே வினைதான். பதக்கத்துக்கு ‘வித்’, வீரத்துக்கு ‘ஃபார்’. ‘டெக்கரேட்டட் ஆபீசர்’ என்பவர் பதக்கங்கள் பெற்ற அதிகாரி. அவரை ‘அலங்கரிக்கப்பட்ட அதிகாரி’ என்று மொழிபெயர்த்தால் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பார். வேர்ச்சொல்லான லத்தீன் ‘டெகுஸ்’ அழகையும் பெருமையையும் ஒருங்கே குறித்தது என்பதால், இந்தப் பொருள் ஒட்டுப்போட்டது அல்ல.

பிரிட்டனில் ‘வீ ஆர் டெக்கரேட்டிங்’ என்று செயப்படுபொருள் இல்லாமலே சொல்வார்கள். தோரணம் கட்டுகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள், அல்லது சுவர்த்தாள் ஒட்டுகிறார்கள். அங்கே ‘டெக்கரேட்டர்’ என்றாலும் பெரும்பாலும் அந்த வேலைக்காரர்தான்.

தட்டிலுள்ள உணவை அழகுபடுத்த ‘கார்னிஷ்’ இருக்கிறது. இதற்கும் ‘வித்’ விதியே. ஆனால் அமெரிக்காவில் ஒருவரின் சம்பளம் ‘கார்னிஷ்’ செய்யப்பட்டதென்றால், அவர் கடனுக்காக அதில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்யும்படி முதலாளிக்கு உத்தரவு வந்திருக்கிறது. வேரான பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘எச்சரித்தல்’ என்ற பொருளும் உண்டு. சட்டம் அதைப் பிடித்துக்கொண்டது, சமையல் அழகுபடுத்தலை எடுத்துக்கொண்டது.