உபவாசம் இருங்கள், ஆனால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு ஒரு வழக்கமான கூட்டம் வரும். தலைசுற்றல், கை நடுக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதில் உடனே வராது. கூட வந்த மகளோ மருமகளோதான் மெல்லச் சொல்வார்கள்: "அம்மா உபவாசம் டாக்டர்."

டாக்டர் சத்தம் போடுவார் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு காரணம் வேதத்திலிருந்தே வருகிறது. உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவு, மனுஷருக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு 6-ம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். அதை டாக்டருக்கும் சேர்த்துச் சொன்னதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அவர் கண்டிப்பது, ஊர் பார்க்கட்டும் என்று முகத்தை வாட வைத்துக்கொள்கிற மாய்மாலத்தை. சுகர் மாத்திரை போடுகிறவர் தன் மருத்துவரிடம் சொல்வது அந்தக் கணக்கில் வராது.

நானும் உபவாசம் இருக்கிறவன்தான். அதனால் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. என் கவலையெல்லாம் மாத்திரை டப்பாவைப் பற்றித்தான்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். வழக்கம்போல அதைப் போட்டுவிட்டு உபவாச ஜெபத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்தால் மயக்கம் வருவதில் ஆச்சரியம் இல்லை. மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரைகள் வேறு மாதிரி. பட்டினி கிடக்கும்போது உடம்பில் கீட்டோன் அமிலம் ஏறலாம், அப்போது சர்க்கரை அளவு பெரிதாகக் கூடியிருக்காமலும் போகலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. உபவாசம் என்றால் மருந்தும் கூடாது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். வலிப்பு மாத்திரையை அப்படி விட்டால் வலிப்பு திரும்ப வரலாம். சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடாத நாளிலும் அதை முழுதாக நிறுத்தவே கூடாது. அளவை எவ்வளவு குறைப்பது என்பதை முந்தின வாரமே வந்து கேளுங்கள், சொல்லித் தருகிறோம்.

லெந்துக்கு வெளியேயும் இது நடக்கிறது. அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து ஞாயிறுகளில் வெறும் வயிற்றோடு போவது நம் சபைகளில் பழைய பழக்கம். காலை இன்சுலினைப் போட்டுக்கொண்டு, நீண்ட ஆராதனை முடிந்து வரிசையில் நிற்கும்போது கால் துவளும். கத்தோலிக்கத் திருச்சபையின் விதியே நற்கருணைக்கு (அவர்கள் திருவிருந்தைச் சொல்லும் பெயர்) முன் ஒரு மணி நேரம்தான், அதிலும் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடை இல்லை. அவர்களுடைய ஒருசந்திக் கடமையும் (ஒரே வேளை முழுச் சாப்பாடு சாப்பிடுகிற நோன்பு) 18 வயதிலிருந்து 59 வயது வரைதான். என்னிடம் மயங்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதைத் தாண்டியவர்கள்!

வேதத்தில் வரும் எஸ்தர் ராணி மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பார்கள். சரி, அதே வேதத்தில் தானியேல் மூன்று வாரம் ருசியான சாப்பாட்டையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் மட்டும்தான் விட்டார். சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு நான் தானியேல் வழியைத்தான் சொல்வேன். அதுவும் பங்குனி வெயிலில் தண்ணீரை விடுவது சிறுநீரகத்தோடு விளையாடுவது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகள், டயாலிசிஸில் இருப்பவர்கள் பட்டினி உபவாசத்துக்கே வர வேண்டாம், ஜெபத்துக்கு வரட்டும்.

அப்புறம் உபவாசத்தை முடிக்கிற விதம். இந்தச் சீசனில் பதநீர் எல்லா இடத்திலும் கிடைக்கும். சுகர் உள்ளவர் நாளெல்லாம் பட்டினி இருந்துவிட்டு இரண்டு டம்ளர் பதநீர் குடித்தால் சர்க்கரை எகிறிவிடும். கஞ்சியும் பயறும் போதும், அளவாக.

உபவாச ஜெபம் நடத்துகிற ஐயர்மாருக்கும் (சபை குருமார்) பாஸ்டர்மாருக்கும்: ஆராதனை அறையில் சர்க்கரையும் தண்ணீரும் சர்க்கரை அளவு பார்க்கிற ஒரு குளுக்கோமீட்டரும் இருக்கட்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் உபவாசம் முறியாது. 70-க்குக் கீழே காட்டினால் அன்றைய உபவாசம் அங்கேயே முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், ஜெபத்தை ஆம்புலன்ஸ் வரும் வரை தொடரலாம்.