எதிர்ப்பொருளின் சந்தி இலக்கணம்

"ஒருமுறை தட்டம்மை வந்தவருக்கு மறுமுறை வருவதில்லை, உடல் அந்தக் கிருமியை நினைவில் வைத்திருக்கிறது என்கிறார்கள். சரி, முதன்முறை வந்தபோது, அதுவரை கண்டே இராத கிருமிக்குப் பொருத்தமான எதிர்ப்பொருளை உடல் எங்கிருந்து எடுத்தது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாடநூல்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இடம் இது.

தோல், சளிப்படலம், இரைப்பை அமிலம், கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள் ஆகியவற்றைப் பள்ளியிலேயே படித்திருப்போம். இவை எந்தக் கிருமி வந்தாலும் ஏறக்குறைய ஒரே விதமாகவே நடந்துகொள்கின்றன. இன்ன கிருமி என்று குறிவைப்பவை டி (T), பி (B) என்னும் இருவகை லிம்போசைட்டுகள்; இவையும் வெள்ளையணுக்களே. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் பி அணுக்களே எதிர்ப்பொருளைச் சுரப்பவை. எதிர்ப்பொருள் என்பது கவட்டை வடிவப் புரதம். இரண்டு கனச் சங்கிலிகளும் இரண்டு இலேசான சங்கிலிகளும் சேர்ந்தது. கவட்டையின் இரு நுனிகளே கிருமியைப் பற்றுகின்றன; நுனியின் வடிவம் மாறினால் பற்றப்படும் பொருளும் மாறும்.

புதிர் இங்கேதான் தொடங்குகிறது. புரதத்துக்கான குறிப்புகளைத் தாங்கிய மரபணுக்கள் மனிதனிடம் ஏறத்தாழ 20,000 மட்டுமே உள்ளன. எதிர்ப்பொருள்களின் வகைகளோ கோடிக்கணக்கானவை. ஜப்பானியரான சுசுமு டொனெகவா, சுவிட்சர்லாந்தின் பாசல் நகர நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் நொபுமிச்சி ஹொசுமியுடன் சேர்ந்து, சுண்டெலிக் கருவின் டி.என்.ஏ.வையும் எதிர்ப்பொருள் சுரக்கும் புற்றணுவின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டு, 1976இல் விடையை வெளியிட்டார். கருவில் தள்ளித் தள்ளிக் கிடந்த மரபணுத் துண்டுகள், சுரக்கும் அணுவில் வெட்டப்பட்டு அருகருகே ஒட்டப்பட்டிருந்தன. ஓர் உயிரியின் எல்லா அணுக்களிலும் டி.என்.ஏ. ஒன்றே என்ற பாடத்துக்கு இது நேர்முரண். 1987ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு டொனெகவா ஒருவருக்கே கிடைத்தது. நோயெதிர்ப்பியலில் பயிற்சியே இல்லாமல் அங்கே சென்ற மூலக்கூற்று உயிரியலாளர் அவர். ஒரு மருந்து நிறுவனத்தின் பணத்தில் நடந்தும், உடனடிப் பயன் கேட்காமல் ஆய்வாளர்களை விட்டுவைத்த இடம் அது. திட்ட அறிக்கையில் "எதிர்பார்க்கப்படும் விளைவு" என்ற கட்டத்தை நிரப்பினால்தான் நிதி என்ற முறையில் இத்தகைய கண்டுபிடிப்பு நிகழ்ந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

கனச் சங்கிலிக்கான துண்டுகள் நமது 14ஆம் குரோமோசோமில் உள்ளன: வி (V) வகையில் சுமார் 40, டி (D) வகையில் 23, ஜே (J) வகையில் 6. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் சேர்ந்து 216 உயிர்மெய்யைத் தருவதுபோல, வகைக்கு ஒன்றாகச் சேர்த்தால் 5,500 கனச் சங்கிலிகள் கிடைக்கும். இலேசான சங்கிலியிலும் இதே முறையில் கிடைக்கும் முந்நூற்றுச் சொச்சத்தோடு பெருக்கினால் ஏறத்தாழ 17 லட்சம். ஆனால் என்னை மயக்குவது இந்தப் பெருக்கற்கணக்கு அன்று; துண்டுகள் கூடும் அந்தச் சந்தி. நிலைமொழியும் வருமொழியும் கூடும்போது தோன்றல், திரிதல், கெடுதல் நிகழும் என்பது நம் இலக்கணம். இங்கும் அதுவே. ராக் என்னும் நொதி வெட்டிய முனைகளில் டி.என்.ஏ.வின் சில எழுத்துகள் அரிக்கப்பட்டுக் கெடுகின்றன, டி.டி.டி. என்னும் இன்னொரு நொதி, எந்த மூலத்தையும் பாராமல், தன்போக்கில் சில எழுத்துகளைச் சேர்க்கிறது. வேறுபாடு ஒன்றே: நம் சந்திக்கு விதி உண்டு, இதற்கு இல்லை. மூன்று மூன்றாகப் படிக்கப்படும் மரபுக்குறியில் இப்படி எழுத்தைக் கூட்டிக் குறைத்தால் மூன்றில் இரண்டு பங்கு இணைப்புகள் பொருளற்றுப் போகும். தப்பிப் பிழைப்பவற்றிலும் சொந்த உடலையே வலுவாகப் பற்றும் பல அணுக்கள் மஜ்ஜையிலேயே திருத்தப்படுகின்றன அல்லது அழிக்கப்படுகின்றன. இவ்வளவு விரயத்துக்குப் பிறகு, ஒவ்வொன்றும் தனக்கே உரிய நுனியோடு, கோடிக்கணக்கான பி அணுக்கள் வெளியே வருகின்றன. ஆகவே வாசகரின் கேள்விக்கு விடை: உடல் கிருமியைப் பார்த்து எதிர்ப்பொருளை வடிப்பதில்லை, கிருமி வருமுன்பே கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் செய்து வைத்திருக்கிறது, வந்த கிருமிக்குப் பொருந்திய அணு மட்டும் பெருகுகிறது.

விடுபட்ட திரிதல் அதற்குப் பின் நிகழ்கிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த வீங்கிய நிணநீர் முடிச்சுக்குள், பெருகும் பி அணுக்கள் தம் எதிர்ப்பொருள் மரபணுவில் மட்டும் வழக்கத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் பிழைகளைப் புகுத்துகின்றன. கிருமியை முன்னிலும் இறுகப் பற்றும் அணு வாழ்கிறது, மற்றவை மடிகின்றன. சத்துக்குறைவு இந்த வேலையைத் தளர்த்தும் என்பது உண்மை. ஆனால் நன்றாக உண்பவரின் எதிர்ப்புச் சக்தியைப் பொடியாலும் சூரணத்தாலும் "கூட்டுவதாக" விற்பவர், இதில் எந்தப் படியைக் கூட்டுகிறார் என்று சொல்லட்டும்.

இப்படித் தேறிய அணுக்களில் சில நினைவணுக்களாகவும், சில மஜ்ஜையில் தங்கிப் பல்லாண்டு சுரப்பவையாகவும் நிலைக்கின்றன. 1846இல் வட அட்லாண்டிக் கடலின் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவி, 7,782 பேரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தபோது, அங்கு அனுப்பப்பட்ட டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும், 1781இல் அந்நோய் கண்ட முதியவர்களில் ஒருவருக்குக்கூட அது மறுபடி வரவில்லை என்று பதிவு செய்தார். அன்று தப்பியிருந்த முதியவர்களோ இப்போது படுத்தனர். 65 ஆண்டு நினைவு அது. ஆனால் அதே தட்டம்மை வைரஸ், பிற கிருமிகளுக்கான நினைவணுக்களுக்குள் புகுந்து அவற்றை அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், நோய்க்குப் பின் அவர்களது எதிர்ப்பொருள் தொகுப்பில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமற்போயிருந்தது. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் அந்த இழப்பு இல்லை.