"முடிவு சுபம்தானே?"

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், ராத்திரி தூங்குவதற்கு முன்னால் என்ன செய்வீர்கள் என்று வழக்கமாகக் கேட்பேன். போன் பார்ப்பேன் என்பார்கள். போனில் என்ன என்று கிளறினால்தான், "சும்மா லவ் ஸ்டோரி படிப்பேன் மேடம், காமெடியா இருக்கும்" என்று கொஞ்சம் கூச்சத்தோடு வரும். எதற்கு இந்தக் கூச்சம் என்று எனக்குப் புரிவதே இல்லை. கிரிக்கெட் பார்ப்பதை யாரும் இப்படி ஒளித்துச் சொல்வதில்லை.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண் (விவரங்களை மாற்றியிருக்கிறேன்). படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நடுவில் தூக்கம் பிடிக்காதபோது ரொமான்டிக் காமெடி நாவல், அதுவும் எழுதி முடிந்தது மட்டும்தான். கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே வருவார். "சேருவாங்கன்னு தெரிஞ்சாதான் மேடம் நிம்மதியா படிக்க முடியும்."

அவர் செய்வதில் விஷயம் இருக்கிறது. 2011இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளின் முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு தெரிந்தவர்களே பொதுவாகக் கூடுதலாக ரசித்திருந்தார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் வேறு மாதிரியும் வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதற்றத்தோடு வருகிறவர்களிடம் நான் பார்ப்பது இதுதான்: நாள் முழுக்க "என்ன ஆகுமோ" என்றே ஓடுகிற மனசுக்கு, என்ன ஆகும் என்பது தீர்ந்துபோய் எப்படி ஆகும் என்பது மட்டும் மிச்சமிருக்கிற ஒரு கதை கிடைத்தால், தோள் கொஞ்சம் தளர்கிறது. இணையத்தில் தொடர்கதை படிக்கிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே "முடிவு சுபம்தானே?" என்று கேட்பதும் இதற்குத்தான்.

ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்கிற பிரச்சினையை முந்நூறு பக்கத்துக்கு இழுக்கிறார்கள் என்று கிண்டல் செய்வார்கள். இழுக்கட்டுமே! கடனும் வியாதியும் ஒரு போனில் தீராது, ஆனால் லிஃப்டில் சண்டை போட்ட இருவருடைய மனஸ்தாபம் தீரும், தீர்வதற்குள் பத்து இடத்தில் சிரிக்கவும் வைக்கும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருப்பேன். 'ஆன்டி ஹீரோ' என்ற பெயரில் அறைகிறவன், மிரட்டித் தாலி கட்டுகிறவன், கடைசியில் "எல்லாம் உன் மேல் வைத்த காதலால்தான்" என்று ஒரே வரியில் மன்னிப்பு வாங்கிவிடுகிற கதைகளும் இதே வரிசையில்தான் கிடைக்கின்றன. அதைப் படிக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டிலும் இப்படி நடக்கிறதா என்று மட்டும் கேட்பேன், சிலர் அப்போதுதான் வாயைத் திறப்பார்கள்.

அப்புறம் தூக்கம். அரை மணி நேரம் படித்துவிட்டுக் கண்ணயர்வது வேறு, விடிய விடிய அடுத்த அத்தியாயம் என்று போவது வேறு. தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் நாவலை மட்டும் நம்பி இருக்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ், 14416. இலவசம், எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.