அமுதம் பயிரிடும் வண்டும் ஒரு பலட்டின் முத்திரையும்

போன மாதம் கிண்ணியாவிலிருந்து ஓர் ஓடாவி தொலைபேசி எடுத்தார். என்னிடம் உயிரியல் படித்த ஒரு பெடியனின் தகப்பன். "சேர், ஹாபர் பக்கமிருந்து சாமான் அடுக்கி வாற பலட்டுப் பலகையில கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சீல் அடிச்சிருக்கு. பக்கத்தில எச்.டி. எண்டு போட்டிருக்கு. இதில பேத்திக்குத் தொட்டில் செய்யலாமா?"

சுருக்கமான பதில்: செய்யலாம் நானா. எச்.டி. என்றால் வெப்பத்தில் அவித்த மரம். எம்.பி. என்று இருந்தால் மட்டும் தொட்டிலுக்கோ குசினிக்கோ வேண்டாம், அது மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை பிடித்தது.

அவர் விடவில்லை. "மரத்தை ஏன் அவிக்கிறாங்க?"

அந்தக் கேள்விக்காகவே பாலம் கடந்து அவருடைய பட்டறைக்குப் போனேன். முத்திரை இருந்த பலகை ஒன்றை எடுத்துக் காட்டினார். பட்டையை ஒட்டிய வெளிற்றுப் பகுதியில் குண்டூசித் தலையளவில் நாலைந்து துளைகள். "உளுத்துப் போச்சு" என்றார். உளு இல்லை. உளுப்பூச்சி துளைத்த மரத்தைத் தட்டினால் மா மாதிரித் தூள் கொட்டும். இந்தத் துளைகள் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தன. விளிம்பைச் சுற்றி மை ஊறியதுபோல் கறுப்பு. அந்தக் கறுப்பைக் கண்டதும் எனக்குத் தொட்டில் மறந்துபோனது.

அது ஒரு வயலின் எச்சம். மரத்தைத் துளைக்கும் வண்டுகளில் ஒரு கூட்டம் மரத்தைத் தின்பதே இல்லை. மரம் அவற்றுக்குச் சாப்பாடு அல்ல, காணி. பல இனங்களில் பெண் வண்டின் வாய்க்குள், தாடையை ஒட்டி, ஒரு சோடி நுண்ணிய பைகள் உண்டு. நம் ஆட்கள் விதைநெல்லைக் கோட்டை கட்டி வைப்பதுபோல், அந்தப் பைகளில் பங்கசு (பூஞ்சண) வித்திகளை அடைத்துக்கொண்டுதான் அது பிறந்த வீட்டை விட்டுப் பறக்கிறது. புது மரத்தில் சுரங்கம் வெட்டும். வெட்டிய தூளை வெளியே தள்ளிவிட்டு உள்சுவரில் வித்தியை விதைக்கும். சில நாளில் சுவர் முழுக்கப் பங்கசு படரும். பிறகுதான் முட்டை. பொரித்து வரும் குடம்பிகள் சுவரிலே விளைந்ததைத் தின்று வளரும். மரத்துக்குள் ஊடுருவிப் போகும் பங்கசு இழைகள் சத்தை உறிஞ்சி வந்து கொடுக்கின்றன. செரிக்கவே முடியாத மரம் இப்படித்தான் சோறாகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த வெள்ளைப் படிவைக் கண்ட ஐரோப்பியர் கிரேக்கத் தேவர்களின் உணவான 'அம்புரோசியா'வின் பெயரை அதற்கு வைத்தார்கள். நம் அமிர்தமும் அந்தச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மனிதன் விதைக்கக் கற்று ஏறத்தாழ 10,000 ஆண்டுகள்தான். அம்புரோசியா வண்டுகளோ கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கமக்காரர்கள்.

குடும்ப விசயம் இதைவிட விசித்திரம். தேனீயைப் போலவே இவற்றில் ஒரு பெரிய பிரிவிலும் கருக்கட்டாத முட்டை ஆணாகும், கருக்கட்டியது பெண்ணாகும். ஒரு சுரங்கத்தில் பெண்கள் ஏராளம், ஆண் ஒன்றோ இரண்டோ. அந்த ஆணுக்குப் பறக்க முடியாது. கூடப் பிறந்தவர்களோடு உள்ளேயே இணைந்து முடித்துவிடும். சகோதரிகள் ஏற்கெனவே கருக்கொண்ட நிலையில், பையில் விதையோடு, வெளியேறுகிறார்கள். தப்பித்தவறி இணையாத ஒரு பெண் தனியே புது ஊரில் போய் இறங்கினாலும் அதற்கு வழி இருக்கிறது: முதலில் கருக்கட்டாத முட்டையிட்டு ஒரு மகனைப் பெறும், அவன் வளர்ந்ததும் அவனோடே இணைந்து மகள்களைப் பெறும். ஆய்வுகூடத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். இப்படி நெருங்கிய உறவுக்குள் இனம்பெருக்கினால் பழுதான பரம்பரையலகுகள் கூடிக்கூடி வம்சமே நொடிந்துபோக வேண்டும். இங்கே அப்படி ஆவதில்லை. பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் பெண்ணிடம் இரண்டு தொகுதி, ஆணிடம் ஒரு தொகுதி மட்டும். பழுது இருந்தால் மறைந்திருக்க இடமில்லை. அந்த ஆண் உருப்படாமல் போகும், பழுதும் அவனோடு போகும். தலைமுறைதோறும் களை பிடுங்கிய வயல் இது.

ஆக, ஒரு நாட்டைப் பிடிக்க இந்த இனத்துக்கு ஒரு சோடி கூட வேண்டாம். இரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடின நீளமுள்ள ஒரேயொரு பெண் போதும், பயணம் செய்ய ஒரு பச்சைப் பலகையும் போதும்.

எங்கள் மண்ணுக்குச் சொந்தமான ஓர் உதாரணம் உண்டு. மலையகத்துத் தேயிலைக் காம்பைத் துளைக்கும் 'ஷொட் ஹோல் போரர்' என்ற அம்புரோசியா வண்டு தோட்டத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். அது துளைத்த கிளை, கொழுந்து பறிக்கும்போது கைபட்டாலே முறியும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வண்டு 2003இல் கலிபோர்னியாவில் அகப்பட்டது. இஸ்ரேலில் அவகாடோ தோட்டங்களுக்குள் புகுந்தது. தென்னாபிரிக்காவில் நிழல் தரும் தெருமரங்களை வீழ்த்தியது. 2021இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும் கண்டுபிடித்தார்கள். அந்த மரங்கள் இந்தப் பங்கசை முன்பின் கண்டதில்லை. பங்கசு காழ்க்கலன்களை அடைக்கிறது, தண்ணீர் மேலே ஏறாமல் கிளைகள் காய்கின்றன. (நிலத்துக்கு அடியில் தண்ணீர் இருக்க, மரம் தாகத்தில் சாகிறது.)

இந்த இடத்தில் அம்மம்மாவைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் வளவில் காய்த்துக் குலுங்கிய மாமரம் ஒன்று ஒரே பருவத்தில் நின்ற நிலையில் காய்ந்தது. கண்ணூறு என்று செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டா. ஒரு பழஞ்செருப்பும் கிளையில் தொங்கியது. அவவைக் குறை சொல்லமாட்டேன், அவவிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கவில்லை. இன்று கையிலே கமராப் போனை வைத்துக்கொண்டு அதே செருப்பைக் கட்டுகிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. அடிமரத்தில் ஊசித்துளை தேடுங்கள் ஐயா, பிறகு பூசணிக்காய் உடைக்கலாம்.

காசுக் கணக்குக்கு வருவோம். வண்டு மரத்தை அழித்தால் நட்டம் யாருக்கு என்று கேட்டால் மரக்காலைக்காரருக்கு என்றுதான் சொல்வோம். அமெரிக்காவில் 2011இல் இதைக் கணக்குப் பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த துளைப்பான்களால் உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 170 கோடி டொலர் செலவு: பட்ட மரத்தை வெட்ட, அப்புறப்படுத்த, புதிதாய் நட. வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொத்து மதிப்பில் மட்டும் 83 கோடி இழப்பு. மர வியாபாரத்தின் நட்டம் மன்றங்களின் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காட்டில் செத்த மரம் தன்பாட்டில் விழும், கேட்க ஆளில்லை. தெருவில் செத்த மரம் கரண்ட் கம்பியிலும் ஓட்டோவிலும் விழும். தென்னாபிரிக்காவுக்கான மதிப்பீடும் இதையே சொல்கிறது: கட்டுப்படுத்தாவிட்டால் பத்தாண்டில் சுமார் 1,800 கோடி டொலர், அதில் மிகப் பெரிய பங்கு நகரங்களின் தலையில்.

கொள்கலனில் பொருள் இறக்கியவர் இலாபத்தை எண்ணிக்கொண்டு போய்விடுவார். மரம் வெட்டும் கூலியை நகரசபை வரி கட்டுகிற, அந்தப் பொருளைக் கண்ணாலும் காணாத ஒருவர் கொடுப்பார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இதைத் தடுக்கத்தான் அவித்தல். 2002இல் சர்வதேச விதி வந்தது: அவிப்பதானால், பெட்டியோ பலட்டோ, மரத்தின் நடுப்பகுதியே 56 பாகை செல்சியசில் விடாமல் 30 நிமிடம் இருக்க வேண்டும். வெளியே சுட்டால் காணாது, புட்டு வேகிறதுபோல் உள்வரை வேகவேண்டும். கதிர்ச் சின்னம், நாட்டுக் குறியீடு, செய்தவரின் இலக்கம், முறை, இவ்வளவும் சேர்ந்ததுதான் நானா கண்ட சீல். ஒட்டுப்பலகைக்கு இது தேவையில்லை, செய்யும்போதே வெந்துவிடுகிறது. 2014இல் பார்த்த கணக்கில் செலவு ஒரு பலட்டுக்கு ஒன்றரை டொலர் அளவில். அமெரிக்காவுக்கு மட்டும் இதனால் 2050க்குள் 1,100 கோடி டொலருக்கு மேல் நிகர மிச்சம் என்று அதே கணக்கில் மதிப்பிட்டார்கள். முழுக் காவல் என்று சொல்லமாட்டேன். அந்த விதிக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போன மரப்பொதிகளில் பூச்சி மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கூடினால் பாதியளவு குறைந்தது, அவ்வளவுதான். மீதி இன்னும் கப்பலேறுகிறது.

அந்த மீதியைப் பிடிக்க, வந்திருப்பது எது என்று பெயர் சொல்ல ஆள் வேண்டும். தேயிலை வண்டுக் குடும்பத்தின் கதையே அதற்குச் சாட்சி. 1868இல் ஐக்கோஃப் என்ற ஜெர்மானியர் இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்து அதற்குப் பெயரிட்டார். பிறகு அந்த மாதிரி தொலைந்துபோனதாகவே நினைத்தார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்து உலகமெங்கும் மரம் சாகும்போது, ஒரே பெயருக்குள் நாலு இனம் ஒளிந்திருப்பது தெரியவந்தது. வேறுபாடு மில்லிமீற்றரின் பின்னங்களில். எது உண்மையில் ஐக்கோஃபின் வண்டு என்று சொல்ல முடியவில்லை. தொலைந்த மாதிரி மீண்டும் கிடைத்து, அளந்து, 2019இல்தான் பெயர்களைச் சரிசெய்தார்கள். பேர்த்தில் மரம் வெட்ட வைத்தது எது என்ற கேள்விக்கு விடை, இலங்கையில் பிடித்து ஊசியில் குத்திய ஒரு பழைய பூச்சியிடம் இருந்தது! ஆனாலும் பூச்சியைப் பார்த்துப் பெயர் சொல்லும் படிப்புக்கு இங்கே காசு ஒதுக்கச் சொன்னால், "அதால என்ன வருமானம்?" என்பார்கள்.

வருமானம் என்னவென்று கோப்பி காட்டியது. வண்டுக்குப் பெயர் வைத்த அடுத்த ஆண்டே, 1869இல், கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு என்ற பங்கசு நோய் தோன்றியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் விழுந்தது. நாடு தேயிலைக்கு மாறியது.

எங்கள் திருகோணமலைத் துறைமுகம் உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெருமைப்படுகிறோம். ஒரு காலத்தில் இங்கிருந்து மரம்தான் போனது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கு எங்கள் சமண்டலையை வாங்கினார்கள். ஆங்கிலேயர் அதை 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தார்கள். இன்று மரம் வருகிறது, பலட்டாகவும் பெட்டியாகவும். சமண்டலையும் பாலையும் முதிரையும் சீனக்குடாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன.

நானாவின் பலகைக்குத் திரும்புகிறேன். "துளை பெருகுமா?" என்று கேட்டார். பெருகாது. பங்கசுக்கு ஈரம் வேண்டும்; மரம் காய்ந்தால் வயல் காய்ந்தது, கமக்காரனும் இல்லை. பழைய உளுப்பூச்சிதான் காய்ந்த மரத்துக்கு வரும், அதற்கு வார்னிஷ் பூசுங்கள் என்றேன்.

தொட்டிலுக்கு அவர் வேறு பலகை எடுத்துக்கொண்டார். துளை விழுந்ததைச் சீவுளி போட்டு ஒரு ஸ்டூல் செய்து வைத்திருந்தார், அடுத்த முறை போனபோது கண்டேன். கறுப்பு வளையங்கள் பளிச்சென்று தெரிந்தன. "நிலாவெளி ஹோட்டல்காரர் ஒராள் கேட்டார் சேர். துளை இருக்கிறதுதான் இப்ப ஸ்டைலாம். ஐந்நூறு ரூபா கூடச் சொன்னேன்."