இகுவானாவுக்குப் பெட்டி அடிக்கச் சொல்லும் முன்

போன சித்திரையில் ஒரு தம்பி காய்கறிக் கூடையில் துண்டு போட்டு மூடி பச்சை இகுவானா என்ற பெரிய பல்லி ஒன்றைப் பாளையங்கோட்டையில் உள்ள என் கிளினிக்குக்குக் கொண்டுவந்தான். "சார், முதுகுல கருப்பா இருக்கு. தோல் உரியுதுன்னு விட்டுட்டேன்." தோல் உரிந்தால் அடியில் புதுப் பச்சை தெரியும். இது விரல் பட்டால் தீய்ந்த அப்பளம் மாதிரி மொரமொரத்தது. தீக்காயம். பெட்டிக்குள் தொங்கிய பல்பில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. சூடு தேடிப் போகிற பிராணி; சுடுகிறதே என்று சட்டென விலகாது.

பெட்டியைப் போனில் காட்டினான். தேக்கு நிற வார்னிஷ், முன்னால் கண்ணாடி, மூன்றடி நீளம். ஆசாரியைக் குறை சொல்ல முடியாது. ஷோகேஸ் கேட்டால் ஷோகேஸ்தான் செய்வார்.

வாங்கும்போது ஒரு சாண் இருக்கும் குட்டி, வளர்ந்தால் வாலோடு ஐந்தடியைத் தாண்டும். அதுவும் மரமேறி. அதனால் நீளம் ஆறடி, உயரம் ஆறடி, அகலம் மூன்றடி என்று இடம் ஒதுக்க முடிந்தால் மட்டும் ஆசாரியைக் கூப்பிடுங்கள். உள்ளே அதன் உடம்பு தடிமனுக்குக் கொய்யாக் கிளை ஒன்றைக் குறுக்கே இறுக்கிப் பொருத்தலாம். அரளி பக்கமே போகவேண்டாம், விஷம்.

பலகை விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தினமும் தண்ணீர் தெளிக்கிற பெட்டி இது. போதாததற்குத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே மலம் கழித்துவைக்கும். மரத்தூள் பலகை சில மாதத்தில் ஊறி உப்பிவிடும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். ஈரம் தாங்கும் பலகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை போட்ட 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் கேளுங்கள். வெட்டிய ஓரங்களையும் சேர்த்துத் வாட்டர்-பேஸ்டு பாலியூரித்தேன் வார்னிஷ் பூசி, இரண்டு வாரம் திறந்து போடுங்கள். தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள்; உங்களுக்கு வாடை அடித்தால் அதற்கும் அடிக்கும். கரையான் பயமா? உள்ளே மருந்து அடிக்காதீர்கள், இரும்புக் கால் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள்.

கொசுவலைக் கம்பி வேண்டாம். நகம் மாட்டிப் பிய்ந்து வந்த கேஸ் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் பூசிய அரையங்குல வெல்டு மெஷ் போதும். ஒரு பக்கம் கீழே, எதிர்ப்பக்கம் மேலே காற்றுவழி விடுங்கள். கதவுக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள்.

சூடு தரும் பல்பைச் சுற்றிக் கம்பிக்கூண்டு கட்டாயம், சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். குளிர்காயும் இடத்தில் 35 டிகிரி, எதிர்முனையில் 27 என்று இரண்டு வெப்பமானி வைத்துப் பாருங்கள். கத்திரி வெயிலில் மேற்குச் சுவரோரம் வைத்தால் பல்பே தேவையில்லை, பெட்டியே அடுப்புதான். யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு தனி. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும், ஆகவே ஜன்னல் வெயில் கணக்கில் வராது. அந்தக் கதிர் கிடைக்காமல் எலும்பு மெலிந்து, தாடை ரப்பர் போல வளைகிற நிலையில்தான் இங்கே தூக்கி வருகிறார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இகுவானா உள்ளது. 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். களக்காட்டுப் பக்கமிருந்து ஒருவர் உடும்புக் குட்டிக்குப் பெட்டி அளவு கேட்டார். அண்ணாச்சி, உடும்பு 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. அதற்கு அளவு கிடையாது, ஜெயில்தான் உண்டு.

அந்தத் தம்பியின் இகுவானாவுக்குக் காயம் ஆற மாதங்கள் ஆனது. இப்போது மாடி அறையில் ஆறடிப் பெட்டி. பழைய ஷோகேஸில் அவன் அம்மா வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறாராம்.