புதுப் பலகைக்கு வயதேற்றுவது எப்படி?

இலையுதிர்கால அலங்காரம் என்றதும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே படம்தான் மனதில் வருகிறது: மிச்சக் கட்டையில் அறுத்த பூசணி, சாம்பல் பூத்த பலகையில் ஒட்டிய இலைகள், கிளையைக் குறுக்கே அறுத்த வட்டத் துண்டுகளைக் கோத்துக் கட்டிய வளையம். செய்வது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை, ஒரு ரம்பமும் உப்புத்தாளும் கொஞ்சம் பசையும் இருந்தால் அரைநாள் வேலை. ஆனால் முடித்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால் பழைய மரம் மாதிரி தெரியாது, புதுப் பலகைக்குச் சாம்பல் பெயின்ட் அடித்த மாதிரிதான் தெரியும். காரணம், பழைய மரத்தின் சாம்பல் மேலே பூசப்பட்ட நிறம் அல்ல. அது மரத்திலிருந்து ஏதோ போன பிறகு மிஞ்சியது.

மரத்தில் பெரும்பங்கு செல்லுலோஸ். பஞ்சும் கிட்டத்தட்ட முழுக்க அதே பொருள்தான், அதற்கென்று நிறம் கிடையாது. அந்த இழைகளை இறுகப் பிடித்து வைத்திருப்பது லிக்னின். மரத்தின் எடையில் இது சுமார் கால் பங்கு இருக்கும், புறஊதாக் கதிரை உறிஞ்சுவதும் பெரும்பாலும் இதுதான். உறிஞ்சுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. முதலில் பலகை மஞ்சளாகி, பழுப்பாகி, அப்புறம் மழை வந்து அந்த உடைந்த துணுக்குகளைக் கழுவிக்கொண்டு போக, வெளுத்த செல்லுலோஸ் நார்கள் மட்டும் மேலே நிற்கின்றன. அந்த வெளுப்பில் கரும்பூஞ்சை வந்து குடியேறி, ஊசிமுனையில் வைத்த மாதிரி புள்ளி புள்ளியாகக் கருப்பு வைக்கிறது. வெள்ளையும் கருப்புப் புள்ளியும் சேர்ந்து தூரத்திலிருந்து நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது.

இவ்வளவும் நடப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில். மரத்துக்குள் ஒளி அதற்கு மேல் பெரிதாக நுழைவதில்லை. வெட்டவெளியில் நிற்கும் பைன் போன்ற மென்மரமே நூறு வருஷத்துக்குத் தோராயமாக 6 மி.மீ.தான் தேய்கிறது என்பது கணக்கு. ஆகவே பத்து வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த வேலிப் பலகை கையில் கிடைத்தால் அதன் முகத்தில் இழைப்புளியையோ உப்புத்தாளையோ வைக்கவே வைக்காதீர்கள். ஒரே ஒரு இழைப்பு, பத்து வருஷமும் சுருள் சுருளாகத் தரையில் விழுந்துவிடும். பழைய பலகையைத் தேடிப் பிடித்து, பளபளவென்று தேய்த்துவிட்டு, அதன் மேல் 'பழைய தோற்றம்' தரும் பெயின்ட் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்! சிலாம்பு குத்தாமல் இருக்க ஓரங்களை மட்டும் தேய்த்தால் போதும்.

பழைய மரத்தைத் தடவிப் பார்த்தால் வரி வரியாகக் கையில் தட்டுப்படும். ஆண்டு வளையத்தில், வேகமாக வளரும் பருவத்தில் உண்டான பகுதி மெத்தென்றும், பருவக் கடைசியில் உண்டான பகுதி அடர்த்தியாகவும் இருக்கும். மெத்தென்ற பகுதி முதலில் தேய்ந்து பள்ளமாகிறது, கெட்டியான பகுதி மேடாக நிற்கிறது. புதுப் பலகையில் இதை வரவழைக்கக் கம்பி பிரஷ்ஷால் ரேகை ஓடும் திசையிலேயே அழுத்தித் தேய்த்தால் போதும். இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால் மேற்பரப்பை லேசாகத் தீயில் கருக்கிவிட்டு அப்புறம் தேய்க்கலாம், மென்பகுதி கரியாக உதிரும். ஜப்பானில் யாகிசுகி என்று மரத்தைக் கருக்கும் முறை உண்டு. அங்கே அது சுவர்ப் பலகை மழைக்கும் பூச்சிக்கும் தாங்க வேண்டும் என்பதற்காக வந்தது, அழகு கூடவே ஒட்டிக்கொண்டது.

வடிவம் வந்தாயிற்று, நிறத்துக்கு வருவோம். இதற்குப் பெயின்டை விட நம்பகமான வழி இரும்பும் வினிகரும். ஸ்டீல் வுல் என்ற மெல்லிய இரும்பு நார்ச் சுருளைக் கிள்ளி ஒரு பாட்டில் வினிகரில் போட்டு ஓரிரு நாள் விட்டால், இரும்பு அசிட்டிக் அமிலத்தில் கரைந்து இரும்பு அசிடேட் ஆகிறது. அதில் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். இதைப் படித்துத் தெரிந்திருந்தும் முதல் தடவை நான் மூடியை இறுக்கி மூடி வைத்தேன். மறுநாள் திறந்தபோது மூடி பறந்தது, சட்டையில் விழுந்த துருக்கறை இன்றுவரை போகவில்லை. மூடியை லேசாக வைத்தாலே போதும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் நாரைப் போட்டுவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம், அது வினிகருக்கெல்லாம் கரையாது.

இந்தக் கரைசலைத் தடவினால் ஓக் கட்டை கண் முன்னாலேயே கறுக்கும், பைன் அழுக்குப் பழுப்போடு நின்றுவிடும். வித்தியாசம் டானினில் இருக்கிறது. வாயில் துவர்க்கும் பொருள் எதுவோ அதில் பெரும்பாலும் டானின் இருக்கும், ஓக், வால்நட் மரங்களில் அது நிறைய, பைனில் கொஞ்சம்தான். இரும்பும் டானினும் சேர்ந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் மீதி வேலையை முடித்து நீலங்கலந்த கருமையைக் கொடுக்கிறது. ஓக் பலகையில் அடித்த ஆணியைச் சுற்றிக் கருவளையம் வருவதும் இதே கதை. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் கையெழுத்துப் பிரதிகளை எழுதிய கருப்பு மையும் ஓக் மரக் கழலையின் டானினும் இரும்பு உப்பும் சேர்ந்ததுதான்.

சரி, பைனில் டானின் போதாதென்றால் நாம் கொடுத்துவிட வேண்டியதுதான். பால் சேர்க்காத கடுந்தேநீரை முதலில் பலகையில் தடவிக் காயவிட்டு, அதன் மேல் இரும்புக் கரைசலைத் தடவுங்கள். தடவியவுடன் வரும் நிறத்தைப் பார்த்து இன்னொரு பூச்சு போட்டுவிடாதீர்கள், அரைமணி நேரம் பொறுத்தால் அதுவே ஏறும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இலையிலும் அதே டானின் இருப்பது. இலையுதிர்காலத்தில் இலையின் பச்சையம் உடைந்து போக, முன்பே அங்கே மறைந்திருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. சிவப்பு மட்டும் அந்தச் சமயத்தில் புதிதாக உண்டாவது. எல்லாம் மங்கிய பிறகு ஓக் இலையில் கடைசியாக நிற்கும் பழுப்புக்கு டானின் பெரும் காரணம். அப்படி உதிர்ந்த ஓக் இலையைக் கரைசலில் நனைத்துப் பலகை மேல் ஒரு மணி நேரம் அழுத்தி வைத்துப் பாருங்கள், நல்ல அதிர்ஷ்டம் இருந்தால் இலையின் நிழல் மரத்திலேயே பதிந்திருக்கும்.

வட்டத் துண்டுகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பச்சைக் கிளையை அறுத்து அழகாக அடுக்கி வைப்பார்கள், மூன்றாம் வாரம் ஒவ்வொன்றிலும் ஆப்பு வடிவில் ஒரு வெடிப்பு. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் அநேகமாக இல்லை, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 4 சதவீதம், வளையத்தைச் சுற்றிய திசையில் சுமார் 8 சதவீதம். ஆரம் 4 சதவீதம் குறைந்தால் சுற்றளவும் 4 சதவீதம் குறைந்தால்தான் வட்டம் வட்டமாக இருக்கும். மரமோ 8 சதவீதம் குறையப் பார்க்கிறது, பற்றாத துணியை இழுத்துக் கட்டினால் கிழிவது போல எங்கேயாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 10 செ.மீ. அகலத் துண்டு முழுக்கக் காய்ந்தால் விளிம்பில் ஒரு செ.மீ.க்கு மேல் இடைவெளி விழலாம். வீட்டுக்குள் மரம் அவ்வளவு காயாது என்பதால் அதில் பாதி, முக்கால்.

கிளையைக் குறுக்காக அறுக்காமல் சாய்வாக அறுத்தால் வெடிப்பு குறையும். அதைவிட நான் செய்வது, பட்டையிலிருந்து நடு வரை நானே ஒரு கோடு அறுத்துவிடுவது. அந்த இடம் மட்டும் திறக்கும், மற்ற இடம் பிழைக்கும், பூசணி செய்தால் அதுவே ஒரு வரிப்பள்ளம். இன்னொன்று, பட்டை உதிரக்கூடாது என்றால் மரம் தூங்கும் குளிர்காலத்தில் வெட்டிய கிளையாக எடுங்கள். வளரும் பருவத்தில் பட்டைக்கு அடியில் இருக்கும் படலம் ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும், அப்போது வெட்டினால் காய்ந்ததும் பட்டை தானாகக் கழன்றுவிடும்.

மிச்சக் கட்டையில் எதைத் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டின் பலகையில் முத்திரை இருக்கும். எச்டி (HT) என்றால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடாக்கியது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி (MB) என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். லேசான பச்சை சாயல் உள்ள பழைய பலகையில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கலாம், அறுக்கவும் எரிக்கவும் கூடாது. மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதைத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள்.

எல்லாம் முடிந்து, பாதுகாப்புக்கு என்று எண்ணெய் தடவும் ஆசை வரும். சாம்பல் தெரிவதே வெளுத்த நார்களுக்கு இடையில் காற்று இருந்து ஒளியைச் சிதறடிப்பதால். எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பினால் ஈரத்துணி மாதிரி கறுத்துவிடும், காய்ந்தாலும் பழையபடி வெளுக்காது. எண்ணெய்க்குப் பதிலாக மின்னாத, தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சு போதும், அதையும் முதலில் பலகையின் பின்பக்கத்தில் தடவிப் பாருங்கள்.